போட்ட மாத்திரையும் போகாத நோயும்

“எச்.ஐ.வி. மட்டும் பாருங்க சார், போதும்.”

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிய வசனம். ஆள் பெரும்பாலும் சாயங்காலம், கூட்டம் கலைந்த பிறகு வருவார். டாக்டர் சீட்டு இருக்காது. பேர் கேட்டால் ஒரு நொடி யோசித்துச் சொல்வார். அது அவருடைய சொந்தப் பேராக இருக்காது, நாங்களும் துருவ மாட்டோம். “எத்தனை நாளாச்சு தம்பி?” என்று கேட்டால்தான் மீதிக் கதை வரும்.

“பத்து நாள் இருக்கும் சார். ஒண்ணுக்குப் போறப்ப எரிஞ்சுது, கொஞ்சம் சீழ் மாதிரியும் வந்துச்சு. அண்ணாச்சி கடையில சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டேன், நின்னுருச்சு. அது ஒண்ணும் பிரச்சினை இல்ல. இது இல்லேன்னு தெரிஞ்சா நிம்மதியாத் தூங்குவேன்.”

இதில் இரண்டு தப்புக் கணக்கு இருக்கிறது. எச்.ஐ.வி. உடம்பில் நுழைந்தே இருந்தாலும் பத்து நாளில் எங்கள் கிட் அதைக் காட்டாது. ஆக, அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகிற ‘நெகட்டிவ்’ தாளுக்கு மதிப்பில்லை. இரண்டாவது, எதைப் பிரச்சினை இல்லை என்று ஒதுக்கினாரோ அந்த எரிச்சலையும் சீழையும்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். பார்க்க முடியாதபடி மாத்திரை முந்திக்கொண்டது.

இந்தப் பதிவு அந்த மாத்திரையைப் பற்றித்தான். கொஞ்சம் வெளிப்படையாகவே எழுதப்போகிறேன். நான் டாக்டர் இல்லை, லேப் டெக்னீஷியன். உங்களுக்கு எந்த மருந்து, எத்தனை வேளை என்று சொல்வது என் வேலை இல்லை. மைக்ராஸ்கோப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிவதைச் சொல்கிறேன்.

ஆணுக்குச் சீழ் வடிந்தால் செய்கிற சோதனை ரொம்ப எளிது. ஒரு துளியை ஸ்லைடில் தடவிக் காயவைத்து, கிராம் சாயம் ஏற்றிப் பார்க்கவேண்டியதுதான். வெட்டை நோய், அதாவது கொனோரியா இருந்தால், சீழ் அணுக்களுக்கு உள்ளேயே கிருமிகள் இளஞ்சிவப்பாகத் தெரியும், காபிக்கொட்டைகளை இரண்டிரண்டாக முகம் பார்க்க வைத்த மாதிரி. சீழ் வடிகிற ஆண்களிடம் 100-க்கு 95-க்கு மேல் இந்த ஸ்லைடு சரியாகச் சொல்லிவிடும். செலவு சொற்பம், அரை மணி நேரத்தில் முடிவு கையில்.

மாத்திரை போட்டுவிட்டு வந்தவருடைய ஸ்லைடில் சீழ் அணு இருக்கும், கிருமி இருக்காது. கல்ச்சர் வைத்தாலும் வளராது. நோய் போய்விட்டதா, அரைகுறையாக அடிபட்டு உள்ளே கிடக்கிறதா, அல்லது முதலிலேயே இது வெட்டை இல்லாமல் கிளமிடியாவாக இருந்ததா? கிளமிடியா இந்தச் சாயத்தில் தெரியவே தெரியாது. மரபணுவைத் தேடும் ‘நாட்’ சோதனை இருக்கிறதே என்பீர்கள். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. செத்த கிருமியின் மரபணுத் துணுக்கு சில வாரங்கள் அங்கேயே கிடக்கும், அதனால் உண்மையில் குணமானவருக்குக்கூடப் பாசிட்டிவ் வரலாம். குணமானதா என்று பார்க்க 3, 4 வாரம் பொறுக்கச் சொல்வது அதனால்தான். அதுவரை அந்த ஆள் நோயாளியா இல்லையா என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது, வீட்டில் இருக்கிறவருக்கும் தெரியாது.

“ஆனா நின்னுருச்சே சார்?”

நின்றது உண்மைதான். மாத்திரையால்தான் நின்றதா என்பதுதான் கேள்வி. இதற்குச் சிபிலிஸைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஊரில் கிரந்தி என்பார்கள், மேகப்புண் என்பார்கள். தொற்றிய பிறகு 10 நாளிலிருந்து 90 நாளுக்குள், பெரும்பாலும் மூன்று வார வாக்கில், ஒரு புண் வரும். வலிக்காது. வலிக்காத புண்ணுக்கு எவன் டாக்டரிடம் போவான்? மெடிக்கலில் ஒரு களிம்பு, ஒரு செட் மாத்திரை. 3 முதல் 6 வாரத்தில் புண் ஆறிவிடும். ஆனால் களிம்பு தடவாவிட்டாலும் அது ஆறியிருக்கும். மோர் குடித்துவிட்டுச் சும்மா இருந்திருந்தாலும் ஆறியிருக்கும். அந்த நோயின் சுபாவம் அப்படி. அடுத்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வரலாம், பெரும்பாலும் அரிக்காது, அதுவும் தானாக மறையும். அப்புறம் பல வருஷம் சத்தமே இருக்காது. சிகிச்சை இல்லாமல் விட்டவர்களில் சிலருக்கு ஒருநாள் இதயத்தின் பெருந்தமனியிலோ, மூளையிலோ, கண்ணிலோ போய் நிற்கும்.

ஒவ்வொரு கட்டமும் தானாக அடங்குவதால், கடைசியாகக் கை வைத்தவருக்குப் பேர் கிடைத்துவிடுகிறது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியர் நோட்டீஸ்களைப் பார்த்திருப்பீர்கள். மேகநோய்க்கு ஒரு மண்டலம் மருந்து சாப்பிடச் சொல்வார்கள். ஒரு மண்டலம் என்றால் 48 நாள். அந்தப் புண் தானாக ஆற ஆகும் ஆறு வாரம் என்பது 42 நாள். வைத்தியர் என்ன கொடுத்தாலும் ஜெயிப்பார். மெடிக்கல் அண்ணாச்சியும் அப்படித்தான் ஜெயிக்கிறார், என்ன, அவர் மண்டலக் கணக்குச் சொல்வதில்லை. சித்த மருத்துவம் முறையாகப் படித்தவர்களை இதில் நான் சேர்க்கவில்லை. ரூம் எடுத்து உட்கார்ந்து, மாதம் ஒருமுறை ஊர் மாறுகிறவர்களைச் சொல்கிறேன்.

சிபிலிஸைப் பிடிக்க எங்களிடம் இருப்பது வி.டி.ஆர்.எல். என்ற பழைய சோதனை. கண்ணாடித் தட்டில் ஒரு துளி சீரம், அதன்மேல் ஒரு துளி ஆன்டிஜன், நிமிடத்துக்கு 180 சுற்று வேகத்தில் 4 நிமிடம் சுழற்றி, மைக்ராஸ்கோப்பில் கட்டி கட்டியாகத் திரண்டிருக்கிறதா என்று பார்ப்போம். திரண்டிருந்தால் சீரத்தை நீர்க்க வைத்து நீர்க்க வைத்து, எதுவரை திரள்கிறது என்று எண்ணிச் சொல்வோம். ரிப்போர்ட்டில் 1:8, 1:32 என்றெல்லாம் இருப்பது அதுதான். அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்து உட்கார வேண்டாம். கர்ப்பத்திலும், மலேரியாவிலும், லூபஸ் போன்ற நோய்களிலும்கூட வி.டி.ஆர்.எல். பொய்யாகத் திரளும், பெரும்பாலும் குறைந்த எண்ணில். அதனால்தான் டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு சோதனையால் உறுதிசெய்கிறோம். சிகிச்சைக்குப் பின் வி.டி.ஆர்.எல். எண் நாலில் ஒரு பங்காக, அதாவது 1:32 என்றிருந்தது 1:8 என்று, அல்லது அதற்கும் கீழே இறங்கினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். டி.பி.எச்.ஏ. மட்டும் பெரும்பாலானவர்களுக்கு ஆயுசு முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கும். இது தெரியாமல், பத்து வருஷத்துக்கு முன்னால் குணமான நோய்க்கு மறுபடி மறுபடி மருந்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மருந்து என்ன என்கிறீர்களா? பென்சிலின். 1943-இல் ஜான் மஹோனி என்ற அமெரிக்க மருத்துவர் நாலு பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் தொடங்கி இன்றுவரை அதேதான். சிபிலிஸ் கிருமி பென்சிலினை எதிர்க்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. தொடக்க நிலையில் பிடித்துவிட்டால் பென்சத்தீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், இடுப்பில் ஒரே தடவை, முடிந்தது கதை. ஊசி வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். போட்ட அன்று ராத்திரி சிலருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வரும். கிருமிகள் கூட்டமாகச் சாவதால் வருவது அது, பெரும்பாலும் ஒரு நாளில் தணியும். அதை அலர்ஜி என்று நினைத்துப் பயந்து அடுத்த முறை வராமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் செய்து கேளுங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும். அண்ணாச்சி கடை அஜித்ரோமைசினை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு செய்தி: அதை எதிர்க்கும் சிபிலிஸ் வகைகள் உலகத்தில் பல இடங்களில் பரவிவிட்டன.

வெட்டை நோய்க் கிருமியோ நேர் எதிர். எதைக் கொடுத்தாலும் கற்றுக்கொள்ளும். 1930-களில் சல்ஃபா மருந்து வந்தது, பத்து வருஷத்துக்குள் அதற்குப் பழகிக்கொண்டது. பென்சிலின் வந்தது. அதை உடைக்கும் நொதியோடு 1976-இல் புதிய வகைகள் கிளம்பின. டெட்ராசைக்ளின் போயிற்று. சிப்ரோஃப்ளாக்சசின் போயிற்று, 2007-இல் அமெரிக்கா அதை வெட்டைக்குக் கொடுப்பதை நிறுத்தியது, இந்தியாவிலும் அது இந்த நோய்க்கு உதவாமல் போய் நெடுநாளாகிறது. ஆனால் நம் ஊர் மெடிக்கலில் ‘எரிச்சல்’ என்று சொன்னால் இன்றும் கை அந்த அட்டைக்குத்தான் போகும். இப்போது பல நாடுகளிலும் கையில் மிச்சமிருப்பது செஃப்ட்ரியாக்சோன் ஊசி. 2018-இல் இங்கிலாந்தில் ஒருவருக்கு அதுவும் அஜித்ரோமைசினும் சேர்ந்தே தோற்று, ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக எர்டாபெனம் கொடுத்துத்தான் காப்பாற்றினார்கள். அவருக்கு அது தென்கிழக்கு ஆசியாவில் தொற்றியது. நமக்குத் தூரமில்லை.

இப்படியெல்லாம் நடக்கும் என்று பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங்கே 1945-இல் நோபல் உரையில் எச்சரித்திருக்கிறார். அவர் சொன்ன கற்பனைக் கதையில் ஒரு கணவனுக்குத் தொண்டை வலி. தானே பென்சிலின் வாங்கிக் குறைவான அளவில் போட்டுக்கொள்கிறான். கிருமி சாகவில்லை, மருந்தைத் தாங்கப் பழகிவிட்டது. அது மனைவிக்குத் தொற்றுகிறது, அவளுக்கு நிமோனியா, பென்சிலின் வேலை செய்யவில்லை. மாத்திரையில் கை வைத்தவன் அவன், கதையில் சாகிறவள் அவள். தொண்டைக்கிருமியை வைத்துச் சொன்னதுதான், ஆனால் நம் விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் சொல்லிவிட முடியாது.

சரி, ஏன் ஜனங்கள் மெடிக்கலுக்கே போகிறார்கள்? கூச்சம்தான் முதல் காரணம். சின்ன ஊரில் டாக்டர் அப்பாவுக்குத் தெரிந்தவராக இருப்பார், கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற அக்கா பக்கத்துத் தெருவாக இருப்பார். மெடிக்கலில் கேள்வி கிடையாது. “எரிச்சலுக்கு ஒரு செட் குடுங்க” என்றால், வலி மாத்திரை ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று, கேஸுக்கு ஒன்று என்று கத்தரியால் வெட்டிக் காகித உறையில் போட்டு ரெண்டு நாளைக்குத் தந்துவிடுவார்கள். டாக்டர் ஃபீஸும் மிச்சம். நான் அந்தக் கடைக்காரர்களை வில்லனாக்க வரவில்லை, கேட்கிறவர் இருக்கிறவரை கொடுக்கிறவர் இருப்பார். ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது. செஃபிக்ஸிம் உட்படப் பல ஆன்டிபயாடிக்குகள் 2014 மார்ச் 1 முதல் ஹெச்-1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டில்லாமல் விற்கக்கூடாது, யார் எழுதியது, யார் வாங்கியது என்று தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும், கவனித்திருப்பீர்கள். டாக்டர் சொல்லாமல் இதைத் தொடாதே என்பதற்கான அடையாளம் அது, 2016-இல் அரசாங்கமே விளம்பரம் செய்தது. அட்டையைப் பாதியாக வெட்டினால் கோடும் பாதியாகிறது, அவ்வளவுதான் நம் அமலாக்கம்.

ஆன்டிபயாடிக் தொடவே தொடாத நோய்களும் இந்த வரிசையில் இருக்கின்றன என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஹெர்பிஸ் வைரஸ். கொத்தாகக் கொப்புளம் வந்து, எரிந்து, 2, 3 வாரத்தில் தானாக ஆறும். பிறகு உடம்பு அசரும்போது திரும்ப வரும். மரு வருவது எச்.பி.வி. வைரஸால். இரண்டிலும் சிப்ரோவுக்கோ அஜித்ரோவுக்கோ வேலையே இல்லை.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். வெள்ளைப்படுதல் என்று போனால் அத்தனையும் பால்வினை நோய் இல்லை. நிறையப் பேருக்கு அது கேண்டிடா என்ற பூஞ்சையால் வருவது, கூடி இருப்பதால் வந்ததே இல்லை. அதற்கு ஆன்டிபயாடிக் போட்டால் அங்கே காவலுக்கு இருக்கிற நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து செத்து, அரிப்பு இரண்டு மடங்காகும். மறுபக்கம், கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. தெரியாமலேயே கருக்குழாய்க்கு ஏறி, தழும்பாகி, பிறகு குழந்தை நிற்கவில்லை என்று ஒவ்வொரு டாக்டராக அலையும்போதுதான் குழாய் அடைப்பு என்று சொல்வார்கள். அப்போது வீட்டில் யாரைக் குறை சொல்வார்கள் என்று நான் எழுதவேண்டியதில்லை. எரிச்சல் வந்த அன்று அவளுடைய கணவன் மூன்று மாத்திரையைப் போட்டுத் தன் பங்கை முடித்துக்கொண்டிருப்பான். அவளிடம் சொல்லியிருக்க மாட்டான். அவள் சிகிச்சை எடுக்காததால் அவனுக்கே திரும்பவும் தொற்றும், அவன் திரும்பவும் மெடிக்கலுக்குப் போவான். இருவரும் ஒரே சமயத்தில் மருந்து எடுத்து, டாக்டர் சொல்கிறவரை, பெரும்பாலும் ஒரு வாரம், தள்ளியிருந்தால்தான் இந்தச் சுற்று அறும்.

சமீபமாக இன்னொரு கேள்வி வருகிறது, நெட்டில் நிறையப் படிக்கிற பையன்களிடமிருந்து. “வெளிநாட்டுல முன்னாடியே டாக்ஸிசைக்ளின் போட்டுக்கிறாங்களாமே சார்?” முன்னாடி இல்லை, பின்னாடி. உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் ஒருமுறை போடுவது. டாக்ஸி-பெப் என்று பேர். 2023-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் சிபிலிஸும் கிளமிடியாவும் நன்றாகவே குறைந்தன, வெட்டை அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் குறைந்தது. 2024-இல் அங்கே வழிகாட்டுதலும் வந்தது. ஆனால் அது யாருக்கு என்று பார்க்கவேண்டும். முந்தைய ஒரு வருஷத்துக்குள் இப்படிப்பட்ட தொற்று வந்துபோன, ஆண்களோடு உறவுள்ள ஆண்களுக்கும் திருநங்கைகளுக்கும், டாக்டர் மேற்பார்வையில், 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனையோடு. கென்யாவில் பெண்களிடம் செய்த ஆய்வில் பலன் தெரியவில்லை. அந்தப் பரிசோதனையைக் கழற்றி எறிந்துவிட்டு மாத்திரையை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் நம் ஆட்கள் செய்யப்போவது என்பது என் பயம். எச்.ஐ.வி.க்கு அது எந்தப் பாதுகாப்பும் தராது. அதோடு டாக்ஸிசைக்ளினை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாயிலேயே புண்ணாகும், வெயிலில் போனால் தோல் பொசுங்கும், கர்ப்பிணிகள் தொடக்கூடாது. இதெல்லாம் காகித உறையில் எழுதியிருக்காது.

இப்போது பரிசோதனைக்கு வருவோம்.

யாரிடம் போவது என்பதில்தான் முதல் குழப்பம். கிட்னி டாக்டரிடம் போகிறார்கள், ஜெனரல் சர்ஜனிடம் போகிறார்கள். நம் நாட்டில் தோல் டாக்டர்தான் இதற்கும் டாக்டர். அவர்கள் பலகையில் டி.வி.எல். என்று போட்டிருப்பதில் நடுவிலிருக்கும் ‘வி’ பால்வினை நோய்க்கானது. தோல் டாக்டர் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள், பருவுக்கு வந்திருக்கிறான் என்று நினைப்பார்கள். காசில்லை என்றால் கவலை வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்க்குச் சுகவாழ்வு மையம், எச்.ஐ.வி. சோதனைக்கு நம்பிக்கை மையம். இரண்டிலும் ஆலோசகர் இருப்பார், இரண்டும் இலவசம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனி உயர் சிகிச்சை நிலையம் பல காலமாக இருக்கிறது.

மாஸ்டர் ஹெல்த் செக்கப் எடுத்துவிட்டேன், எல்லாம் நார்மல் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பேக்கேஜ்களில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு எல்லாம் இருக்கும், இது பொதுவாக இருக்காது. வாய் திறந்து கேட்கவேண்டும்.

யூரினில் கிளமிடியாவுக்கும் வெட்டைக்கும் நாட் சோதனை கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சாதாரண யூரின் கல்ச்சருக்கு முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் பிடிக்கச் சொல்வோம். இதற்கு நேர்மாறு, முதலில் வருகிற கொஞ்சத்தைத்தான் பிடிக்கவேண்டும், அதற்கு முன் குறைந்தது ஒரு மணி நேரமாவது போகாமல் இருக்கவேண்டும். கிருமி குழாயின் சுவரில் இருக்கிறது, முதல் தண்ணீர்தான் அதை அள்ளிக்கொண்டு வரும். பழக்கதோஷத்தில் லேபில் இருப்பவர்களே தப்பாகச் சொல்லிவிடுவது உண்டு, நீங்கள் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வாய்வழி, ஆசனவாய் வழி உறவு இருந்திருந்தால் அங்கே தனியாகப் பஞ்சுக்குச்சியால் எடுக்கவேண்டும், யூரினில் அது தெரியாது. டாக்டரிடம் மறைக்காமல் சொன்னால்தான் எங்கே எடுப்பது என்று அவர் எழுதுவார்.

எச்.ஐ.வி.க்கு நான்காம் தலைமுறைச் சோதனையை லேபில் ரத்தக்குழாயிலிருந்து எடுத்துச் செய்தால், தொற்றிய 45 நாளில் நம்பிச் சொல்லலாம். சாதாரணக் கிட்டில் என்றால் 3 மாதம் கழித்து ஒருமுறை எடுத்தால்தான் கணக்கு முடியும். சிபிலிஸுக்கும் அப்படியே, புண் புதிதாக இருக்கும்போது வி.டி.ஆர்.எல். நெகட்டிவ் காட்டலாம், சில வாரம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். நம்பிக்கை மையத்தில் ஒரே கிட்டைப் பார்த்துப் பாசிட்டிவ் என்று சொல்லிவிட மாட்டார்கள், மூன்று வெவ்வேறு கிட்டில் பார்த்த பிறகே சொல்வார்கள். 2017-ஆம் வருஷச் சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் சோதிக்கவும் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. ஒருவேளை நடந்தது நேற்று அல்லது முந்தாநாள் என்றால், டெஸ்டைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க 28 நாள் மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள், லேபில் வந்து நேரத்தைக் கழிக்காதீர்கள்.

நோய் தெரிய அறிகுறிக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை என்பதற்கு நம்மூர்ச் சரித்திரமே இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. இல்லை என்று பெரிய மனிதர்களெல்லாம் நம்பிக்கொண்டிருந்த 1986-இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னதன் பேரில், காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் ரத்தம் எடுத்தார். மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, ராத்திரி ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகள் பாசிட்டிவ். நாட்டின் முதல் எச்.ஐ.வி. செய்தி இப்படி வெளியே வந்தது. நோய் முற்றி ஒருவர் படுத்ததால் வந்த செய்தி இல்லை, ஒருவர் தேடிப் பார்த்ததால் வந்தது. வேலை லேபில்தான் நடந்தது என்பதில் எங்கள் சாதிக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அதன் பிறகு வந்த விளம்பரங்களில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற போஸ்டர் தமிழ்நாட்டையே கேட்க வைத்தது. நல்ல வேலைதான். ஆனால் அந்தப் பிரசாரத்தின் பக்கவிளைவு ஒன்றை நான் இங்கே உட்கார்ந்து பார்க்கிறேன். எய்ட்ஸ் இல்லை என்றால் எதுவும் இல்லை என்று ஒரு தலைமுறையே நினைத்துக்கொண்டுவிட்டது. கிளமிடியா, வெட்டை, சிபிலிஸ், டிரைக்கோமோனாஸ் என்ற நான்கு, குணப்படுத்தக்கூடிய நோய்கள் மட்டும் 2020-இல் உலகத்தில் 37 கோடித் தடவைக்கு மேல் புதிதாகத் தொற்றியதாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இவற்றில் புண்ணோ அழற்சியோ இருந்தால் எச்.ஐ.வி. தொற்றுவதும் சுலபமாகிறது. பயப்படுகிற நோயையும் அலட்சியப்படுத்துகிற நோயையும் தனித்தனியாக வைக்க முடியாது.

தடுப்பைப் பற்றி நீட்ட வேண்டாம், ஆணுறை என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்று, தேங்காய் எண்ணெயோ பேபி ஆயிலோ பட்டால் லேடெக்ஸ் ஆணுறை சில நிமிடத்தில் வலுவிழந்து கிழியும். பர்ஸில் மாதக்கணக்கில் வைத்து, மேலே உட்கார்ந்து உட்கார்ந்து சூடேற்றியதையும் நம்பாதீர்கள். ஹெர்பிஸ், மரு, சிபிலிஸ் புண் இதெல்லாம் உறை மூடாத இடத்திலும் இருக்கும் என்பதால் அதுவே முழுக் கவசம் இல்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி சின்ன வயதில் போடாதவர்கள் இப்போதும் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் 9 முதல் 14 வயதில் பெண் பிள்ளை இருந்தால் எச்.பி.வி. ஊசி பற்றிக் குழந்தை டாக்டரிடம் கேளுங்கள், இந்தியாவிலேயே தயாராவதும் இப்போது இருக்கிறது.

கடைசியாக, கல்யாணமானவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கர்ப்பம் என்று தெரிந்ததும் மனைவிக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி மூன்றுக்கும் ரத்தம் எடுத்துவிடுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்கிறது. அவள் வரிசையில் நின்று கொடுக்கிறாள், கணவன் வெளியே வேப்பமரத்தடியில் போன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அன்றைக்கு அவளுக்கு நெகட்டிவ் என்றாலும், ஏழாம் மாதத்தில் இவனிடமிருந்து சிபிலிஸ் தொற்றினால் பிள்ளைக்குப் போகும். அதே நாளில், அதே ஊசி அறையில் நீங்களும் கையை நீட்டுங்கள். நம்பிக்கை மையத்தில் கேட்டால் உங்களுக்கும் பார்ப்பார்கள், காசு கிடையாது. போவதற்கு முன் யாரிடமாவது பேசவேண்டும் என்றால் 1097-க்கு அழையுங்கள், இலவச எண், பேர் சொல்லவேண்டியதில்லை. இப்போதே எரிச்சலோ புண்ணோ இருந்தால் ரத்தத்தையும் யூரினையும் கொடுத்துவிட்டு அப்புறம் மாத்திரை போடுங்கள், அதுவும் டாக்டர் எழுதிக் கொடுத்ததை.